சிடியில் எதுவும் ஏறாத ஐப்பசி

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். நாற்பது நெருங்க நெருங்க, மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கக் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறோமே, பார்த்துவிட்டு வெளிச்சம் சரியில்லை என்று விளக்கின் மேல் பழி போடுகிறோமே, அந்த வயதுக்காரர்களிடம். பத்துப் பாட்டை ஒரு தட்டில் ஏற்றுவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம் என்று நம் பிள்ளைகளிடம் சொன்னால், நம்மைக் குகையிலிருந்து வந்தவர்களாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். அடிப்பக்கம் நீலமாக மின்னும் வெற்றுச் சிடி. அதன் நடுத்துளையில் விரலை விட்டுச் சுழற்றியபடி நடப்பது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் சுவரில் ஓடும் வானவில். அப்படி ஒரு காலத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சிடியில் எதையும் ஏற்ற மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு.

எங்கள் வீடு சுரக்குடியில். அப்பாவுக்கு மின்துறையில் வேலை. மிச்ச நேரத்தில் வயல். அக்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள் என்று வீட்டுக்கு அந்தப் பெட்டி வந்தது. காரைக்கால் டவுனில் சென்டர் வைத்திருந்த ஒருவர் பாகம் பாகமாகக் கோத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் அவர் 'கம்ப்யூட்டர் சார்'. சிடியைப் படிக்க மட்டுமல்லாமல் எழுதவும் செய்கிற டிரைவ்தான் வேண்டும் என்று அக்கா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து சாதித்தாள். முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஒரு தட்டு மெல்ல வெளியே வரும், திரும்ப அழுத்தினால் உள்ளே போகும். பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்ப்பதற்கென்றே தன் தங்கையை ஒருமுறை அழைத்து வந்தாள். அக்கா பாட்டு ஏற்றும்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் மவுஸைப் பிடிக்க, நான் மின்விசிறியை நிறுத்துவேன். ஆடினால் சிடி கெட்டுவிடும் என்பது எங்கள் கணக்கு.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா; அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி, மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்தால் அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. "கொடுத்து வச்சவ" என்று ஊரே சொன்னது. மேலே படிக்க வேண்டும் என்று அக்கா அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். "அங்க போயிப் படியேன். அங்க இல்லாத படிப்பா?" என்றார் அப்பா. அவர் அதை மனதார நம்பினார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த ஊரில் ஒரு பெண் முதலில் மொழியைப் படிக்க வேண்டும், குளிரைப் படிக்க வேண்டும், யாரும் இல்லாத வீட்டில் பகலைக் கழிக்கப் படிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆவணியில் விசா வந்தது, அக்கா போய்விட்டாள். வாசலில் கார் நின்றபோது அத்தை அழுதாள், பால்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. "பாத்துப் போ. ஜன்னலோரமா ஒக்காரு, வாந்தி வராது" என்றாள். மறுநாள் காலையில் அக்காவின் போர்வையையும் தலையணை உறையையும் எடுத்துத் துவைத்துப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் போர்வை கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிரவு அக்காவின் வாசனைக்காக நான் எதை முகர்வது? அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். தோழி என்று எனக்குத் தனியாக யாரும் இருந்ததில்லை; தேவைப்படவில்லை. அவள் போன பிறகுதான் வீட்டில் பேச்சு என்பதே அவள் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அப்பா செய்தி கேட்பார். அம்மா அடுப்படியில் இருப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அக்காவின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா டெலிபோன் கார்டு போட்டுப் பேசுவாள். அப்பா குளிர் எவ்வளவு என்று கேட்பார். அம்மா, "சாப்புட்டியா? சரி வச்சுடு, கார்டு தீந்துடும்" என்பாள். புரட்டாசியில் ஒருநாள் அப்பா வெளியே போயிருந்ததால் ரிசீவர் நேரே என் கைக்கு வந்தது. அக்கா சொன்னாள், "இங்க சத்தமே இல்லடி. அவரு இருட்டுலயே வேலைக்குப் போயிடுறாரு. ஜன்னல மூடுனா காது அடைச்ச மாதிரி ஆயிடுது. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. நம்ம வீட்டு சத்தத்தை எல்லாம் புடிச்சு ஒரு சிடியில போட்டு அனுப்புறியா? எது இருந்தாலும் பரவால்ல." தீபாவளி முடிந்து மாப்பிள்ளையின் சித்தப்பா லீவிலிருந்து பிரான்சுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடு என்றாள். அங்கே போனதிலிருந்து யாரிடமும் எதையும் கேட்காத அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் குதிரைப் பாய்ச்சலில் வேலையில் இறங்கினேன்.

கம்ப்யூட்டரோடு வந்த மைக்கின் கம்பி ரொம்பக் குட்டை. அப்பாவின் பழைய ஒயர்ச் சுருளிலிருந்து வெட்டி ஒட்டுப்போட்டு அதை ஜன்னலுக்கு வெளியே போகும்படி நீட்டினேன். முதலில் மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல் விழும் மழை. அப்புறம் தவளை. நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கும்போது எங்கள் பக்கத்துத் தவளைகள் போடும் கூச்சலை நீங்கள் கேட்டிருந்தால் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டர் மழையில் கிளம்ப மறுத்து உதை வாங்கும் சத்தம், உதைக்கு உதை அப்பா முணுமுணுப்பது. குக்கர். தேங்காய் துருவுவது. திருப்பத்தில் திருநள்ளாறு பஸ் அடிக்கும் ஹாரன். அத்தை தன் ஆட்டைத் திட்டுவது மட்டும் தனியாக ஒரு கோப்பு. அதில் சில வார்த்தைகளை நான் வெட்ட வேண்டியிருந்தது.

அம்மாவை மட்டும் பிடிக்க முடியவில்லை. மைக்கைக் கொண்டுபோய் அடுப்படியில் நீட்டினேன்.

"அக்காகிட்ட எதாச்சும் பேசும்மா."

"எனக்கு வேற வேலையில்ல? பொட்டிகிட்ட என்னா பேசுறது. போ, போயிப் படி."

அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசக்கூட இவளால் முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மற்ற எல்லாம் சேர்ந்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இனி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

முதல் சிடியைப் போட்டேன். திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. டிரைவ் உள்ளே முனகியது, நின்றது, மறுபடி முனகியது. பிறகு ஏதோ பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து, தட்டு தானாக வெளியே வந்துவிட்டது. அந்தச் சிடி இனி எதற்கும் ஆகாது. இரண்டாவது போட்டேன், அதே கதை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வேறு கம்பெனிச் சிடி வாங்கிப் பார்த்தேன். பெட்டியைப் பிரித்துப் பட்டை ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மின்விசிறியை நிறுத்தி, தரையில் நடக்காமல், கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருநாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்த சிடியின் அடியில் சில சமயம் மெல்லிய வெள்ளைத் தூசு ஒட்டியிருக்கும். உள்ளே லேசர் ஒளி சிடியைச் சுட்டுத்தான் எழுதுகிறது என்று கம்ப்யூட்டர் சார் ஒருமுறை சொல்லியிருந்தார். சுட்டால் சாம்பல் வரத்தானே செய்யும் என்று துடைத்துப் போட்டேன். கெட்டுப்போன சிடிகளை அத்தை வாங்கிக்கொண்டு போய்க் குருவி வராமல் இருக்க அவரைப் பந்தலில் கட்டினாள். அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் மின்னிய ஒரே காய்கறித் தோட்டம் அவளுடையதுதான்.

வேடிக்கை என்னவென்றால், டிரைவ் படிக்கத்தான் செய்தது. அக்கா முன்பு ஏற்றி வைத்திருந்த பாட்டுச் சிடியைப் போட்டால் கொஞ்சம் திக்கித் திணறிவிட்டுப் பாடும். அதனால் எல்லோரும் டிரைவை நம்பினார்கள், என்னை நம்பவில்லை. கம்ப்யூட்டர் சார் மழைக் கோட்டோடு வந்து பார்த்தார். வைரஸ் என்றார். ஏதோ ஒரு சிடியைப் போட்டு எதையோ ஓட்டினார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். போகும்போது அப்பாவிடம், "சின்னப் புள்ளைங்க கை வச்சா இப்படித்தாங்க ஆவும். பெரிய பொண்ணு இருந்தவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சா, சொல்லுங்க. இனிமே சென்டருக்குக் கொண்டாந்தாதான் பாக்க முடியும், ஒரு வாரம் ஆவும்" என்றார். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் பெட்டியின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, "பரீட்சை முடியிறவரைக்கும் இதைத் தொட்டா பாரு" என்றார். நான் விளையாடிக் கெடுத்துவிட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் நான் எதற்காக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர் காதில் விழவில்லை. தவளைச் சத்தத்தை யாராவது ஊர் விட்டு ஊர் அனுப்புவார்களா என்று ஒருமுறை சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அக்காவின் போன் வந்தது. "ஏறிடுச்சாடி?" என்று மட்டும் கேட்டாள். "ஏறிடும்க்கா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தின் சத்தத்தைக் கேட்கிறாள் என்று புரிந்தது. நானும் பேசாமல் ரிசீவரைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன், கார்டு தீரும்வரை.

மாப்பிள்ளையின் சித்தப்பா கிளம்புவதற்கு முந்தின நாள், நல்ல மழை, பள்ளிக்கூடம் விடுமுறை. காலையிலிருந்து அம்மா அவரிடம் கொடுத்துவிட முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அப்பா டவுனில் அவர் வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும். அதில் சிடி இருக்காது. அப்பாவின் முன்னால் போய் நின்று, அழ வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை, என்னிடம் கேட்டாள், என்னால் முடியவில்லை என்று சொன்னேன். அப்பா அலமாரியிலிருந்து டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்தார். மிக்ஸியானாலும் மோட்டாரானாலும் கழற்றி ஊதினால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி.

கூடத்தில் செய்தித்தாளை விரித்து, டிரைவைப் பெட்டியிலிருந்து உருவி, அடித்தகட்டைக் கழற்றினார். கவிழ்த்துத் தட்டியதும் தாளின் மேல் பொலபொலவென்று வெள்ளைப் பொடி கொட்டியது. நடுவில் சிவப்பு. காய்ந்துபோன மல்லிகை இதழ் ஒன்று. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார்.

"திருநீறு" என்றார். தட்டின் பின்பக்கம் எல்லாம் குங்குமம் அப்பியிருந்தது. அவர் முகம் மாறியது. "இதுல போயி சாமி வெளாட்டு வெளாடுனியா நீ?" என்று கையை ஓங்கிவிட்டார்.

"அவ இல்ல" என்று அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது. கையெல்லாம் முறுக்கு மாவோடு அம்மா நின்றிருந்தாள். "நான்தான் வச்சேன்."

அப்பாவின் கை அப்படியே நின்றது.

"சனிக்கெழம சனிக்கெழம திருநள்ளாறு போயிட்டு வந்தா அவதானே மொதல்ல கைய நீட்டுவா. பழக்கம். அவ போன பெறவும் வாங்கியாந்துட்டேன். யாருக்குக் குடுக்குறது? இது அவ சாமான். பொத்தான அமுக்குனா அவ கைய நீட்டுற மாதிரியே வெளிய வருது. ஒரு சிட்டிக வச்சு உள்ள அனுப்புவேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொடச்சுடுவேன். உள்ள விழுவும்னு எனக்கு என்னா தெரியும்?"

அப்பா கையை இறக்கினார். "அவ போட்டோதான் செவுத்துல மாட்டியிருக்கே. அதுக்கு இட்டுருக்கலாம்ல?"

"உசுரோட இருக்குற புள்ள போட்டோவுக்கு யாராச்சும் திருநீறு இடுவாங்களா?" என்றாள் அம்மா.

எண்ணெய் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பிப் போய்த் தீயைக் குறைத்துவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள். வாரா வாரம், நான் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வருவதற்குள், அம்மா ஈரக்காலோடு வந்து கூடத்தில் தனியாக நின்று அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலமே அதே பெட்டியின் முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

கொட்டிய திருநீற்றை அப்பா தாளோடு மடித்துக் கால்படாத இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். லென்ஸைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றார். எங்கள் காரைக்காலில் எந்த ஸ்பிரிட்டுக்கும் பஞ்சமில்லை என்று அயலூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஊசி போடுவதற்கு முன் தடவுகிற ரகம்தான். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கடுகளவு இருந்த அந்தக் கண்ணாடியை அவர் துடைத்தார். குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது போல அவ்வளவு மெதுவாக. படிக்கக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் போதும், எழுதத்தான் நல்ல வெளிச்சம் வேண்டும், அதனால்தான் படித்தது, எழுதவில்லை என்று பிற்பாடு கம்ப்யூட்டர் சார் தனக்கு முன்பே தெரிந்தது போலச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. டிரைவை மாட்டி, மீதியிருந்த ஒரே ஒரு வெற்றுச் சிடியை நான் கையில் எடுத்தபோது அப்பா சொன்னார், "இரு." பிறகு அம்மாவைப் பார்த்து, "நீயும் வந்து நாலு வார்த்த பேசு" என்றார்.

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"நான்தான்டி, அம்மா பேசுறேன். கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இது போன் இல்லம்மா. நீ பேசிக்கிட்டே இரு" என்றேன். அதை மட்டும் பிறகு வெட்டிவிட்டேன்.

"நல்லா இருக்கியா? இங்க மழ. நடவு முடிஞ்சிட்டு. கெழக்கால வயல்ல தண்ணி வடியல, ஒங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காங்க. முறுக்கு குடுத்துருக்கேன், மொத ஈடு கொஞ்சம் செவந்துட்டு. நீ போன அன்னிக்கி நான் அழுவலன்னு ஒனக்கு மனசுல இருக்கும். அழுதா நீ எறங்கிடுவடி காரவுட்டு. அதான் அழுவல."

நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் மவுஸை நகர்த்தினேன். அம்மா மைக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் மறுபடி தொடங்கினாள்.

"சின்னவதான்டி பாவம். பள்ளிக்கூடம் வுட்டு வந்தா இந்தப் பொட்டிகிட்டயே கெடக்கா. யாரோடயும் ஒரு பேச்சு இல்ல. அவ பக்கத்துல போயி ஒக்காரணும்னு எனக்கு இருக்கு. ஒக்காந்து என்னா பேசுறதுன்னு தெரியல. ஒனக்குத் தெரியிற மாதிரி எனக்கு அவகிட்டப் பேசத் தெரியலடி. நீ வந்தன்னா அவகூட ரெண்டு நாளு ஒக்காந்து பேசு. நான் ஒன்ன ஒரு வேலையும் செய்யச் சொல்ல மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அம்மாவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவளிடமிருந்து முறுக்கு எண்ணெய் வாசனை வந்தது. நான் அங்கே இல்லாதது போல, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருத்தியிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கை அம்மா பக்கம் நீட்டியபடியே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதிவை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. தகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

அந்தச் சிடி ஏறியது. பச்சைக் கோடு கடைசிவரை ஓடி, தட்டு வெளியே வந்தது. காலையில் அப்பா முறுக்குப் பொட்டலத்தோடு அதைச் சட்டைக்குள் வைத்து மழையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சிடி தேய்வதற்குள் அதிலிருந்ததை எடுத்து வேறு எதிலோ ஏற்றி வைத்திருக்கிறாள், எப்போதாவது கேட்பாளாம். அதில் அம்மா பேசி முடித்த பிறகு, மழைக்கு நடுவில், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று இருக்கிறது. அன்றைக்காவது அம்மா எனக்காக அழுதாளே என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அம்மா அழவில்லை.